காரிமங்கலம் பக்கம் ஒரு சின்ன சங்கம்: ஏரிக்கும் மாலை வகுப்புக்கும் நிதி எங்கே கேட்பது?

ஏரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் காரிமங்கலம் ஒன்றியத்தில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. 2021-இல் பதினைந்து பேர் சேர்ந்து ஏரிக்குள் இருந்த சீமைக் கருவேலத்தை வெட்ட ஆரம்பித்தோம். மறு வருடம் சங்கமாகப் பதிவு செய்தோம். பான் கார்டு, வங்கிக் கணக்கு இரண்டும் சங்கத்தின் பெயரில் இருக்கின்றன. ஏரி வேலையோடு சமுதாயக் கூடத்தில் மாலை வகுப்பும் நடக்கிறது. 38 பிள்ளைகள் வருகிறார்கள். கல்லூரி முடித்த இரண்டு பெண்கள் பாடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மாதம் ஆளுக்கு 2,000 ரூபாய்தான் கொடுக்க முடிகிறது, அதுவும் இரண்டு மாதம் பாக்கி.

இப்போது வேண்டியது இரண்டு. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலைத் தூர் வார வேண்டும், வகுப்பு ஒரு வருடம் தடையில்லாமல் நடக்க வேண்டும். போன வாரம் ஒருவர் வந்தார். ஓசூர் கம்பெனி ஒன்றின் சிஎஸ்ஆர் பணம் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) 25 லட்சம் வாங்கித் தருகிறேன், செலவுக்கு 40,000 முன்னால் கொடுங்கள் என்றார். சங்கத்தில் பாதிப் பேர் கொடுக்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாலக்கோட்டுக்காரர்

தம்பி, கொடுக்காதீர்கள். நாங்கள் கொடுத்தோம். எங்கள் அறக்கட்டளைக்கு முதியோர் இல்லம் கட்டப் பணம் வரும் என்று ஒருவர் 60,000 வாங்கினார். கம்பெனி முத்திரை போட்ட கடிதம் ஒன்றும் கொடுத்தார். வழவழப்பான காகிதம், மேலே வண்ணத்தில் சின்னம், கீழே கையெழுத்து. அதை லேமினேட் செய்து அலுவலகச் சுவரில் மாட்டியிருந்தோம். எட்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனிக்கு நேரில் போனபோது, அப்படி ஒரு கையெழுத்துப் போடும் ஆளே தங்களிடம் இல்லை என்றார்கள். 60,000-இல் 22,000 எங்கள் பொருளாளர் தன் மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தது. அதை மீட்க இரண்டு வருடம் ஆனது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கணக்குப்பிள்ளை

தருமபுரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சங்கங்கள், அறக்கட்டளைகள்தான் என் மேசைக்கு வருபவை.

முதலில் அந்த 40,000. அதை எந்தத் தலைப்பில் கணக்கில் எழுதுவீர்கள்? ரசீது தருவாரா? தரமாட்டார். நிதி தரும் எந்த நிறுவனமும் மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். அதில் 40,000 காரணம் இல்லாமல் போயிருந்தால் நாளைக்கு நல்ல இடத்தில் கேட்கும்போது அதுவே உங்களுக்குத் தடையாக நிற்கும்.

அடுத்து காகிதங்கள். கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் வாங்க, சங்கத்துக்கு வருமான வரித் துறையில் 12ஏபி பதிவும் (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது) 80ஜி ஒப்புதலும் (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச் சலுகை தருவது) இருக்க வேண்டும். அதன் பிறகு கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில், சிஎஸ்ஆர் பணம் பெறும் அமைப்பாகப் பதிவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். டிஜிட்டல் கையெழுத்து வேண்டும், ஆடிட்டர் சான்றளிக்க வேண்டும். அதற்கும் மேல், இதுபோன்ற வேலையை மூன்று வருடமாவது செய்த அனுபவம் இருக்க வேண்டும் என்கிறது விதி. நீங்கள் பதிவு செய்தது 2022 என்பதால் அது உங்களுக்குப் பிரச்சினை இல்லை, அந்த வேலையை நிரூபிக்க முடிந்தால். அரசு மானியம் கேட்பதாக இருந்தால் தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பண் தளத்திலும் பதிய வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆகவே யாரிடமும் அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறும். பெயர் மாறினாலும் கேட்கப்படும் ஆதாரங்கள் ஏறக்குறைய இவைதான்.

நீங்கள் ஏற்கெனவே வேலையைத் தொடங்கிவிட்டதால் தற்காலிகப் பதிவுக்குப் போகாமல் நேரடியாக முழுப் பதிவுக்கே விண்ணப்பிக்க வேண்டும். அங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். "என்ன வேலை செய்தீர்கள், பில் எங்கே, போட்டோ எங்கே, தீர்மானம் எங்கே" என்று நோட்டீஸ் வரும். குறித்த நாளுக்குள் பதில் போகாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். சரி, உங்கள் கேஷ் புக் எந்த நிலையில் இருக்கிறது? வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்தீர்களா?

ஏரிக்கரை

உண்மையைச் சொல்கிறேன் அண்ணா. முதல் வருடம் மட்டும் தாக்கல் செய்தோம். கேஷ் புக் என்று தனியாக இல்லை. ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதில் எல்லாம் இருக்கிறது: எந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வந்தார்கள், டிராக்டர் எத்தனை நடை அடித்தது, டீசலுக்கு எவ்வளவு, யார் 500 கொடுத்தார்கள், யார் வீட்டிலிருந்து களி வந்தது வரைக்கும். எங்கள் சங்கத்தில் மூத்தவர் ஒருவர் எழுதுகிறார். ஐந்தாம் வகுப்புதான் படித்தவர், ஆனால் ஒரு நாள் விடமாட்டார். பெட்ரோல் பங்க் பில்களையும் அதற்குள்ளேயே வைத்திருக்கிறார்.

கணக்குப்பிள்ளை

அந்தப் பெரியவரை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பல பெரிய அறக்கட்டளைகளிடம் இல்லாதது உங்களிடம் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்து கேஷ் புக் எழுதிவிடலாம்.

ஒன்று மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். பங்க் பில்லை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அது சூட்டில் அச்சாகும் காகிதம், சில மாதங்களில் எழுத்து வெளுத்துப் போகும். 2022 பில் இப்போது பாதி வெள்ளையாகத்தான் இருக்கும். படிக்க முடிகிறவற்றை எல்லாம் ஜெராக்ஸ் எடுத்து, அசலை அதன் பின்னால் பின் அடித்து, வண்டி எண்ணையும் என்ன வேலைக்கு என்பதையும் பேனாவில் எழுதுங்கள். படிக்க முடியாதவற்றுக்கு, அன்றைக்கே நோட்டில் எழுதிய வரியும் செயற்குழுத் தீர்மானமும் துணைக்கு வரும். விட்டுப்போன வருடங்களின் தாக்கலை அபராதம் கட்டி முடிக்கலாம்.

பழைய பிடிஓ ஆபீஸ்

முப்பது வருடம் ஊரக வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் கம்பெனிப் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏரி வாய்க்காலுக்கு நான் முதலில் ஒன்றிய அலுவலகத்துக்குப் போகச் சொல்வேன்.

தம்பி, உங்கள் ஏரி யாருடையது என்று தெரியுமா? ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. இது தெரியாமல் நாலு இடத்தில் மனு கொடுத்துவிட்டு பதில் வரவில்லை என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அனுமதி இல்லாமல் கம்பெனிப் பணத்தில் கிட்டாச்சியை இறக்கினால், நல்ல வேலையே வழக்காகிவிடும்.

ஒன்றியத்து ஏரி என்றால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்கலாம். மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒரு பங்கு, மீதி அரசு. 1997-98-இல் வந்த திட்டம், 2021-இல் மறுபடி உயிர் பெற்றது. மூன்று லட்சம் மதிப்பீடு என்றால் ஊர் ஒரு லட்சம் போட வேண்டும். அந்த ஒரு லட்சத்தை ஒரு கம்பெனியிடமோ வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களிடமோ கேட்கலாமே! 25 லட்சம் கேட்பதைவிட ஒரு லட்சம் கேட்பது எளிது, அதுவும் மீதி இரண்டு லட்சத்தை அரசு போடுகிறது என்று சொல்லிக் கேட்டால்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். வண்டல் மண் வேண்டுகிற விவசாயிகள் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் ஏரிக்குள் தூர் வாரும் செலவே பாதியாகக் குறையும். உங்கள் பக்கம் தக்காளி, கேழ்வரகு போடுகிறவர்களுக்கு அந்த மண்ணின் அருமை தெரியும்.

இன்னொரு விஷயம். மாவட்டத்தில் 'பசுமை முதன்மையாளர்' விருதுக்கு விண்ணப்பிக்கிறார்களா என்று விசாரியுங்கள். சுற்றுச்சூழல் வேலை செய்யும் அமைப்புகளுக்கும் தனி ஆட்களுக்கும் தமிழ்நாடு அரசு தரும் விருது, தலா ஒரு லட்சம் ரூபாய். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழியாக அறிவிப்பு வரும்.

மொரப்பூர் ரயிலடி

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம். ஏரியைத் தூர் வாருவது அரசின் கடமை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருவதும் அரசின் கடமை. இந்த இளைஞர்கள் ஏன் ஒவ்வொரு வாசலாக நிற்க வேண்டும்? கம்பெனிக்காரர்கள் வருவார்கள், பதாகை கட்டுவார்கள், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போய்விடுவார்கள். எங்கள் ஊரில் அப்படிக் கட்டிக் கொடுத்த கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. மூன்று வருடமாகப் பூட்டு. ஊர்ப் பணத்தில் ஊர் வேலையைச் செய்தால் கேட்க ஆள் இருக்கும்.

அஞ்செட்டி அக்கா

மொரப்பூர் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கழிப்பறை போல நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அது எப்படி நடந்தது? தண்ணீர் வேண்டும் என்று யாரும் விண்ணப்பத்தில் எழுதவில்லை. கம்பெனி தர விரும்பியதை இவர்கள் வாங்கிக்கொண்டார்கள். ஊருக்கு வேண்டியதை இவர்கள் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால் இது மாறும்.

நான் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். விண்ணப்பம் எழுதுவது என் வேலை. பத்தில் இரண்டு கிடைத்தால் நல்ல வருடம். ஏரிக்கரை தம்பிக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஒரு கம்பெனியின் நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டால் அது முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எல்லோருடைய கண்ணும் டிவிஎஸ், லேலண்ட், டைட்டன் மேல்தான். அவர்களுக்குப் பெரும்பாலும் சொந்தத் திட்டங்களும் நீண்ட காலமாகக் கூட வேலை செய்யும் அமைப்புகளும் உண்டு. புதிதாக ஒரு கிராமத்துச் சங்கம் உள்ளே நுழைவது கடினம்.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பெரிய கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் நடுத்தரக் கம்பெனிகளை. சராசரி லாபம் 5 கோடி என்றால் 2 சதவீதம் 10 லட்சம். அந்த 10 லட்சத்தைச் செலவழிக்க அவர்களிடம் தனித் துறை இருக்காது. செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்குள் என்றால் சிஎஸ்ஆர் குழு அமைக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யலாம். மார்ச் நெருங்கும்போது நம்பிக்கையான ஆள் யார் என்று அவர்களே தேடுவார்கள். மனிதவள மேலாளரோ கணக்கு மேலாளரோதான் இதைக் கவனிப்பார். அவருக்கு வேண்டியது ஒழுங்கான கணக்கும், கேட்டபோது பதில் சொல்லும் ஓர் ஆளும். ஆகவே பிப்ரவரியில் ஓடாதீர்கள், மழைக்காலத்திலேயே போய்ப் பாருங்கள்.

தொழிற்சாலை இருக்கும் இடத்தைச் சுற்றிய பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டத்தில் உண்டு. ஓசூரிலிருந்து காரிமங்கலம் தூரம்தான். பர்கூர் சிப்காட்டையும் தருமபுரியைச் சுற்றியுள்ள ஆலைகளையும் முதலில் பாருங்கள். யார் எதற்குக் கொடுத்தார்கள் என்பது அந்தந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் இணைப்பாக இருக்கும், தொகையோடு இருக்கும். அமைச்சகத்தின் சிஎஸ்ஆர் தளத்திலும் தேடலாம். ஒரு மாலை உட்கார்ந்து அதைப் படித்தால் தரகரே தேவையில்லை.

அப்புறம் தொகை. உங்கள் சங்கம் இதுவரை ஒரு வருடத்தில் அதிகபட்சம் எவ்வளவு செலவழித்திருக்கிறது? 70,000 என்றால், முதல் விண்ணப்பத்தில் 25 லட்சம் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருவேளை வந்துவிட்டால் அது அதைவிட ஆபத்து. கையாள ஆள் இருக்காது. மாலை வகுப்புக்கு மட்டும் கேளுங்கள்: இரண்டு ஆசிரியர்களுக்கு ஆளுக்கு மாதம் 5,000, பன்னிரண்டு மாதம், 1,20,000. நோட்டு, விளக்கு, கரும்பலகை, தணிக்கைச் செலவு சேர்த்து ஒன்றரை லட்சம். அந்தப் பெண்கள் எந்த நேரத்துக்கு வருகிறார்கள், எத்தனை பிள்ளைகள் வாசிக்கத் தெரியாமல் வந்தார்கள், இப்போது எத்தனை பேர் தமிழ்ப் பாடத்தை நிறுத்தாமல் வாசிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பெரிய சொற்கள் வேண்டாம். உங்கள் பெரியவரின் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இணையுங்கள்.

ஏரிக்கரை

அக்கா, படித்துவிட்டு நேற்று ராத்திரி சங்கத்தில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் அமைதியாகக் கேட்டார்கள். தரகருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இன்னொரு சந்தேகம். எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், 50,000 அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா? வெளிநாட்டுப் பணம் என்றால் ஜெயில் என்று யாரோ பயமுறுத்துகிறார்கள்.

கணக்குப்பிள்ளை

அவரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலையும் ஒரு கடிதத்தையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால், பிறந்தது நம் ஊரே ஆனாலும், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவு உங்களுக்கு இப்போது எட்டாது. மூன்று வருடத்தில் 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில் கணக்கு வைக்க வேண்டும்.

உள்ளூர் நன்கொடையிலும் ஒரு பழக்கம். 80ஜி வந்த பிறகு 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வரிச் சலுகை கிடைக்காது. யுபிஐ, காசோலை என்று பழக்குங்கள்.

போச்சம்பள்ளி மாந்தோப்பு

இதைப் படிக்கும் விவசாயிகளுக்காக ஒரு வார்த்தை. நாங்கள் மா விவசாயிகள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்தவர்கள். இப்படி 10,000 நிறுவனங்களை (எஃப்பிஓ) உருவாக்க 2020-இல் வந்த திட்டத்தில் நிர்வாகச் செலவுக்கு மூன்று வருடத்தில் 18 லட்சம் வரை, உறுப்பினர் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 வரை என்று இருந்தது. ஏரிப் பாசன விவசாயிகள் வியாபாரத்துக்காகச் சேர்வது என்றால் அது வேறு பாதை, வேளாண், ஊரக வளர்ச்சிக்கான வங்கியான நபார்டின் மாவட்ட மேலாளரைப் பாருங்கள். சேவைச் சங்கத்தையும் வியாபாரத்தையும் ஒரே பதிவில் குழப்பாதீர்கள்.

ஊத்தங்கரை

நாங்கள் மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளுக்கான பள்ளி நடத்துகிறோம். அரசு மானியத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மானியம் கிடைத்தது, நன்றியோடு சொல்கிறேன். ஆனால் பணம் வந்தது செலவு முடிந்து பதினொரு மாதம் கழித்து. அந்தப் பதினொரு மாதமும் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கடன் வாங்கித்தான் கொடுத்தோம். வட்டியை மானியக் கணக்கில் காட்ட முடியாது. போன தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் ஒரு எழுத்துப் பிழையால் திரும்பி வந்ததில் இரண்டு மாதம் போனது. அரசு மானியத்துக்குப் போகிறவர்கள் ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்துக்கொண்டு போங்கள். வேலை செய்கிற பெண்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

மொரப்பூர் ரயிலடி

ஊத்தங்கரை அக்கா எழுதியதைப் படித்ததும் நெஞ்சு கனத்தது. அஞ்செட்டி அக்கா, நீங்கள் சொன்னதை யோசித்தேன். கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஊர்ப் பங்கு கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பையன்கள் மாதம் 100 ரூபாய் போட்டால்கூட வகுப்பு நிற்காது.

அஞ்செட்டி அக்கா

அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை தம்பி. ஊர்ப் பணம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிப் பணம் வரும், ஒரு நாள் நிற்கும்.

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். 1989-இல் ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதி அமைப்பான ஐஃபாட் உதவியோடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் தொடங்கியது தருமபுரியில்தான். கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் இல்லை, 2004-இல்தான் பிரிந்தது. என் அம்மா அப்போது குழுவில் இருந்தார். வாரம் ஐந்து ரூபாய். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் ஆளுக்கொரு சேமிப்புப் புத்தகம் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் பதிவேட்டை உரக்கப் படிப்பார்கள், தொகை தவறாக வந்தால் அம்மா எழுந்து நின்றுவிடுவார். வங்கிக்காரர் கடன் தரும் முன் கேட்டதும் அந்தப் பதிவேட்டைத்தான். ஏரிக்கரை தம்பியின் நீள நோட்டைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

ஏரிக்கரை (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்ததில் எங்கள் ஏரியின் ஆயக்கட்டு 62 ஏக்கர், ஒன்றியத்துடையதுதான். பழைய பிடிஓ ஐயா சொன்னபடி கிராம சபையில் தீர்மானம் போட்டோம். பொறியாளர் வந்து வாய்க்காலை அளந்துவிட்டுப் போயிருக்கிறார், மதிப்பீடு இன்னும் கைக்கு வரவில்லை. ஊர்ப் பங்குக்கு இதுவரை 41,500 சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூர் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்தான், அவர் பணம் அதில் சேரவில்லை, அடுத்த மாதம் அனுப்புகிறார். ஆசிரியர்களின் பாக்கியை முதலில் தீர்த்துவிட்டோம்.

பங்க் பில்கள் 117 இருந்தன. 34-இல் ஒன்றுமே தெரியவில்லை. மீதியை ஜெராக்ஸ் எடுத்தாயிற்று. பெரியவர் நோட்டைக் கையை விட்டுக் கொடுக்கமாட்டேன் என்கிறார், தானே தருமபுரிக்கு எடுத்து வருகிறாராம். கணக்குப்பிள்ளை அண்ணா, எந்த நாள் வரலாம்?

கணக்குப்பிள்ளை

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். பதிவுச் சான்றிதழின் அசல், சங்க விதிகள், பான் கார்டு, 2022 முதல் இன்று வரை வங்கிப் பாஸ்புக் பதிவு, செயற்குழு மினிட்ஸ் நோட்டு எல்லாம் வேண்டும். தலைவரும் பொருளாளரும் கூட வரட்டும், கையெழுத்து இருக்கிறது. நோட்டை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் வாசிக்கட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.